பதினோராவது பார்வையாளர்: சர்வர் இயங்குதளமும் பெங்களூர்த் தமிழரின் வீட்டுத் திரையும்

2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று தாளவாடியை அடுத்த தொட்டகாஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றார். நவம்பர் 15 அன்று அவர் விடுவிக்கப்படும்வரை, 108 நாள்கள், கர்நாடகத் தமிழர்கள் அச்சத்துடனேயே வாழ்ந்தனர். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டி நிகழ்ந்த கலவரத்தைக் கண்ட தலைமுறை அது. திரையரங்குகளிலிருந்து தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டன. கேபிள் இணைப்புகளில் தமிழ் அலைவரிசைகள் மறைந்தன. ஒரு மொழி பேசுவோர் தம் மொழியின் திரைப்படத்தைப் பொதுவெளியில் காண இயலாத நிலை தோன்றும்போது அப்படம் வீட்டுக்குள் செல்லும். வீட்டுக்குள் அது எந்தக் கருவியில் ஓடியது, அக்கருவி யாருக்காக உருவாக்கப்பட்டது என்ற வினாக்கள் திரைப்பட வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 17 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 இயங்குதளத்தை வெளியிட்டிருந்தது. அது அலுவலகப் பணியாளருக்கென ஒரு பதிப்பாகவும் சர்வர்களுக்கெனச் சில பதிப்புகளாகவும் வந்தது. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்துப் பேசுவது வலிந்த இணைப்பாகத் தோன்றலாம். ஆனால் நிறுவனக் கணினிக்காக ஆக்கப்பட்ட மென்பொருளும், திரையரங்கிலிருந்து விலக்கப்பட்ட படமும் ஒரே மேசையில் சந்தித்த காலம் அதுவே.

ஆஸ்டின் டவுன், 1809இல் அமைந்த பெங்களூர்க் கண்டோன்மென்ட் பகுதியின் எச்சங்களுள் ஒன்று. சென்னை மாகாணப் படைப்பிரிவுகளோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் வந்த தமிழர்கள் அல்சூர், சிவாஜி நகர் தொடங்கித் தெற்கே நீலசந்திரா, விவேக் நகர்வரை பரவிக் குடியேறினர். 1947 ஜூலை 26 அன்று கண்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திருப்பி அளிக்கப்பட்டது. 1949இல் பெங்களூர் மாநகராட்சி ஒன்றாக்கப்பட்டது. மொழிவாரி மாநிலம் உருவாவதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள், அது உருவான பின் 'வெளிமாநில மொழியினர்' ஆயினர். ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இக்குடியிருப்புக்குக் கன்னட அகராதி கண்ட ஜெர்மானியப் பாதிரியார் கிட்டலின் பெயர் பின்னாளில் அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது. தமிழர் செறிந்த ஒரு பகுதிக்கு இவ்விரு பெயர்களே வாய்த்தன என்பது வரலாற்றின் சிறு குறும்பு. மக்கள் வழக்கில் இன்றும் ஆஸ்டின் டவுன்தான்.

இத்தகைய குடியிருப்பின் வீடுகளுக்குள் 1990களின் பிற்பகுதியில் படம் வந்த வடிவம் வி.சி.டி. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜே.வி.சி. ஆகியவை 1993இல் வகுத்த அந்தத் தரம், இந்தியா பின்பற்றிய பால் ஒளிபரப்பு முறையில் 352×288 புள்ளிகள் கொண்ட 25 ஃபிரேம்களை ஒரு விநாடிக்குக் காட்டுவது. ஒரு குறுந்தட்டில் 74 நிமிடம் அடங்கும். ஆகவே இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் மூன்று தட்டுகளாக வந்தது. இடைவேளைக்குப் பதில் தட்டு மாற்றும் நேரம். மேற்கில் வி.சி.டி. ஏறக்குறைய வேரூன்றவே இல்லை. அங்கு ஒளிப்பேழையிலிருந்து நேரே டி.வி.டி.க்குச் சென்றனர். ஆசியாவின் வெப்பமும் ஈரப்பதமும் ஒளிப்பேழை நாடாவுக்குப் பகை. குறுந்தட்டு அவற்றைத் தாங்கியது. அன்றியும், அதைப் படியெடுக்கத் தடையாக எந்தப் பூட்டும் அத்தரத்தில் இல்லை.

வி.சி.டி. தட்டைக் கணினியில் திறந்தால் 'டேட்' என்ற பின்னொட்டுடன் ஒரு பெருங்கோப்பு காணப்படும். அதன் உள்ளே இருப்பது எம்பெக்-1 என்னும் காணொளி வடிவம். பின்னொட்டை 'எம்.பி.ஜி.' என மாற்றினாலே பெரும்பாலான இயக்கிகள் அதை ஏற்றுக்கொண்டன. தட்டின் படிப்பு வேகத்தின்படி விநாடிக்கு ஏறத்தாழ 176 கிலோபைட். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒன்றரை கிகாபைட்டுக்குச் சற்று மேல். வன்தட்டுகள் 10, 20 கிகாபைட் அளவில் விற்ற காலத்தில் இது சிறிய இடமன்று. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, வேலைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று எனப் பிரித்துக்கொள்வது வசதியுள்ளோர்க்கே இயன்றது. மற்றவர்க்கு ஒரே இயங்குதளம்தான், அதுவே எல்லாவற்றுக்கும்.

அந்த ஓர் இயங்குதளம் ஏன் சில மேசைகளில் சர்வர் பதிப்பாக அமைந்தது என்பதைக் காண, விண்டோஸ் என்.டி.யின் வரலாற்றுக்குள் சற்றுச் செல்ல வேண்டும். 1993இல் முதற்பதிப்பு வந்த என்.டி., வீட்டுப் பயனரின் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிலிருந்து அடிப்படையில் வேறானது. ஒரு நிரல் குலைந்தால் முழுக் கணினியும் உறைந்துபோகும் துன்பம் அதில் மிகக் குறைவு. 1996இல் வந்த என்.டி. 4.0, 'ஒர்க்ஸ்டேஷன்', 'சர்வர்' என இரண்டு பெயர்களில் விற்கப்பட்டது. இரண்டாவதன் விலை முதலாவதைப் போல் சில மடங்கு. ஒர்க்ஸ்டேஷன் உரிமம் ஒரே நேரத்தில் பத்து இணைப்புகளுக்கு மேல் ஏற்பதைத் தடுத்தது. இரண்டும் வெவ்வேறு நோக்கங்களுக்கான வெவ்வேறு பொருள்கள் என்பது விற்பனையாளரின் விளக்கம். அதே ஆண்டு செப்டம்பரில் ஓரைலி பதிப்பகத்தைச் சார்ந்த ஆண்ட்ரூ ஷுல்மன் வெளியிட்ட ஆய்வு, இரண்டின் கருவும் ஒன்றே என்பதையும், பதிவேட்டிலுள்ள சில மதிப்புகளைப் பார்த்தே அக்கரு தன்னைச் சர்வராகவோ ஒர்க்ஸ்டேஷனாகவோ நடத்திக்கொள்கிறது என்பதையும் காட்டியது. 'சர்வர்' என்பது பொறியியலின் இயற்கைப் பிரிவன்று; பெருமளவு விலைப்பட்டியலின் பிரிவு.

இப்பிரிவு பணம் கொடுத்து வாங்கும் சந்தையில்தான் பொருளுடையது. பெங்களூரின் சதர் பத்ரப்பா சாலை, எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் அறிந்தது, உதிரிப் பாகங்களைக் கொண்டு கணினி கோத்துத் தரும் கடைகளின் தெரு. சென்னைக்கு ரிச்சி தெரு எவ்வாறோ அவ்வாறு. அத்தகைய சந்தைகளில் மென்பொருள் பெரும்பாலும் படியெடுத்த தட்டாகவே கைமாறியது. ஒர்க்ஸ்டேஷன் தட்டும் சர்வர் தட்டும் ஒரே விலை. விலை வேறுபாடு மறைந்த இடத்தில் வாங்குபவர் 'உயர்ந்த' பதிப்பைத் தேர்வது இயல்பு. இதோடு வேறொரு காரணமும் சேர்ந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தகவல் தொழில்நுட்ப வேலைக்கு நுழைவுச்சீட்டாகக் கருதப்பட்ட எம்.சி.எஸ்.இ. சான்றிதழுக்குப் படித்தவர்கள் சர்வர் பதிப்பை நிறுவிப் பழக வேண்டியிருந்தது. நிறுவனமே 120 நாள் மதிப்பீட்டுப் பதிப்புகளைத் தட்டில் தந்தது. 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. வீட்டுப் பயனரிடம் 'ஆக்டிவேஷன்' கேட்கத் தொடங்கியபோது, அதைக் கேளாத விண்டோஸ் 2000 மேலும் சில ஆண்டுகள் பழைய கணினிகளில் நீடித்தது.

பத்து இணைப்பு என்ற வரம்பு சான்றிதழ் மாணவரைக் காட்டிலும் விடுதி மாணவரை நேராகத் தொட்டது. ஒரு கணினியின் வன்தட்டில் படங்களைச் சேர்த்து, உள்வலையில் பகிர்ந்து, மற்றவர்கள் தத்தம் அறையிலிருந்து பார்ப்பது கல்லூரி விடுதிகளின் பழக்கம். பணியாளர் பதிப்பில் பத்தாவது நபர்வரை படம் ஓடும்; பதினோராவது நபருக்கு இணைப்பு மறுக்கப்படும். சர்வர் பதிப்பில் அந்தச் சுவர் இல்லை. அலுவலகக் கோப்புகளைப் பகிர்வதற்கு விலை வைத்த ஒரு வரம்பு, இங்கு ஒரு சிறு திரையரங்கின் இருக்கை எண்ணிக்கையாக மாறியது.

தமிழுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. ஒருங்குறித் தமிழை இயங்குதள அளவிலேயே ஏற்ற முதல் விண்டோஸ், வீட்டுப் பதிப்புகளான 98ஓ மில்லேனியமோ அன்று, என்.டி. வழிவந்த விண்டோஸ் 2000தான். 'லதா' எழுத்துரு அதனோடு வந்தது. கன்னடத்துக்கான 'துங்கா' எழுத்துரு அடுத்த ஆண்டு எக்ஸ்.பி.யுடன்தான் வந்தது. ஒரு படக்கோப்புக்குத் தமிழிலேயே பெயரிட்டுச் சேமிக்கும் எளிய செயல், முதலில் நிறுவனங்களுக்கென ஆக்கப்பட்ட இயங்குதளத்தில்தான் இயன்றது. தமிழ்க் கணிமை வரலாற்றில் எழுத்துருக் குறியீடுகளைப் பற்றிய விவாதம் நிறைந்திருக்கிறது. டாம், டாப், திஸ்கி என அன்று நடந்த வழக்குகளுக்கு அளவில்லை. எந்த வகைக் கணினியில் அத்தமிழ் முதலில் குடியேறியது என்பதும் அவ்விவாதத்தோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது.

விண்டோஸ் 2000 சர்வரில் படம் பார்ப்பதில் பெரிய இடர் இல்லை. டைரக்ட்எக்ஸ் 7 அதனுள்ளேயே இருந்தது, ஒலி வந்தது, எம்பெக்-1 கோப்பு ஓடியது. இடர் 2003 ஏப்ரல் 24 அன்று வந்த விண்டோஸ் சர்வர் 2003இலிருந்து தொடங்கியது. இதற்குப் பின்னணி பாதுகாப்பு. 2001இல் கோட் ரெட், நிம்டா ஆகிய புழுக்கள் சர்வர்களைத் தாக்கிய பின், 2002 ஜனவரி 15 அன்று பில் கேட்ஸ் தம் பணியாளர்க்கு எழுதிய மடல், வசதிக்கு முன் பாதுகாப்பு என்ற கொள்கையை வகுத்தது. அதன்படி, சர்வருக்குத் தேவையற்றவை எனக் கருதப்பட்டவை யாவும் தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஒலிச் சேவை.

ஆகவே சர்வர் 2003ஐ வீட்டுக் கணினியில் நிறுவிப் படத்தை இயக்கியவர் முதலில் கண்டது ஊமைப்படம். ஒலி அட்டை பொருத்தப்பட்டிருக்கும். அதன் டிரைவரும் சரியாக நிறுவப்பட்டிருக்கும். ஒலிபெருக்கி மட்டும் வாய் திறவாது. சேவைகளின் பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ' என்பதைத் தேடி, 'முடக்கப்பட்டது' என்பதைத் 'தானியங்கி' என மாற்றினால்தான் வசனம் கேட்கும். அடுத்தது படத்தின் திணறல். இதன் காரணம் விளக்கத்தக்கது. வி.சி.டி. படத்தில் விநாடிக்கு 25 இலட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். ஆனால் 1024×768 அளவுள்ள திரை முழுவதும் அதை விரிக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 2 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் 78 மெகாபைட்டுக்கு மேல். ஒளிச்செறிவு, நிறவேறுபாடு எனப் பிரித்துச் சேமித்த மதிப்புகளைச் சிவப்பு, பச்சை, நீலமாக மாற்றும் கணக்கும் அதோடு சேரும். இவ்வேலையைத் திரை அட்டையே 'ஓவர்லே' என்னும் வன்பொருள் வசதியால் செய்துவிடும். மையச் செயலிக்குச் சுமையில்லை. சர்வர் 2003 இந்த வன்பொருள் முடுக்கத்தைத் தொடக்கத்திலேயே குறைத்து வைத்திருந்தது. பழுதான திரை டிரைவர் ஒன்று சர்வரை வீழ்த்திவிடக் கூடாது என்பது அதன் நியாயம். விளைவு, முழுச்சுமையும் மையச் செயலியின் தலையில்.

மூன்றாவது தடை கண்ணுக்குப் புலப்படாதது. பல நிரல்கள் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் செயலி எவ்வளவு நேரம் தருகிறது என்பதில் இரு பதிப்புகளும் வேறுபட்டன. பணியாளர் பதிப்பு ஒரு நிரலுக்கு இரண்டு கடிகாரத் துடிப்புகளை ஒதுக்கி, பயனர் கண்முன் திறந்திருக்கும் நிரலுக்குக் கூடுதலாகத் தந்தது. சர்வர் பதிப்பு எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு துடிப்புகள் எனச் சமமாகத் தந்தது. ஒரு துடிப்பு 10 அல்லது 15 மில்லி விநாடி. ஆகவே பின்னணியில் ஓடும் சமநிலையுள்ள வேறொரு நிரல் 120 முதல் 180 மில்லி விநாடிவரை செயலியை வைத்துக்கொள்ளலாம். வி.சி.டி.யில் ஒரு ஃபிரேமுக்குரிய காலம் 40 மில்லி விநாடி. மூன்று நான்கு ஃபிரேம்கள் அந்த இடைவெளியில் விழுங்கப்படலாம். தரவுத்தளத்துக்கு நீண்ட தவணை நன்று. பாடல் காட்சிக்கு அது தீது. எவர் முன்னே அமர்ந்திருக்கிறார் என்பதைக் கருதாத சமநீதி அது. சர்வரின் முன் எவரும் அமர்வதில்லை என்பதே அதன் முன்முடிவு. 'பின்னணிச் சேவைகள்' என்ற தெரிவை 'நிரல்கள்' என்று மாற்றுவதே இதற்கான மருந்து.

இம்மூன்று மாற்றங்களையும் செய்துவிட்டால் சர்வர் 2003, எக்ஸ்.பி.யைப் போலவே நடந்துகொண்டது. ஒரே வழியில் வந்தவை ஆதலால் எக்ஸ்.பி.க்கான டிரைவர்கள் பலவும் அதில் இயங்கின. சர்வரை மேசைக்கணினியாக மாற்றும் வழிமுறைக் குறிப்புகள் உலகெங்கும் சுற்றின. நுட்பம் அறிந்தோரின் விளையாட்டாக அவற்றைக் கருதிக் கடந்துவிடலாகாது. பயனரின் இருப்பையே எதிர்பாராத ஒரு பொருளுக்குள் பயனருக்குரிய இடத்தைத் தாமே அமைத்துக்கொண்ட முயற்சிகள் அவை.

அதற்குள் படத்தின் வடிவமும் மாறியிருந்தது. பிரெஞ்சுக்காரரான ஜெரோம் ரோட்டா, மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 கோடெக்கை உடைத்து உருவாக்கிய டிவ்எக்ஸ், மூன்று வி.சி.டி. தட்டுகளின் படத்தை 700 மெகாபைட்டாகச் சுருக்கி ஒரே குறுந்தட்டில் அடைத்தது. 2001இல் அதன் கிளையாக எக்ஸ்விட் பிறந்தது. தட்டின் தொகை குறைந்தது, சிக்கல் கூடியது. எந்தக் கோப்புக்கு எந்தக் கோடெக் வேண்டும் என்பதைத் தேடி நிறுவுவது தனி வேலையாயிற்று. சர்வர் பதிப்பில் அது இருமடங்கு வேலை.

இவ்வேலையைத் தேவையற்றதாக்கிய மென்பொருள் பாரிஸ் புறநகரின் ஒரு விடுதியிலிருந்து வந்தது என்பது பொருத்தமான தற்செயல். எகோல் சென்ட்ரல் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் தம் விடுதியின் மந்தமான உள்வலையை மாற்ற விரும்பினர். அதற்குப் பணம் தருவோர் வேண்டும். அறைதோறும் செயற்கைக்கோள் ஏற்பிகளை வைப்பதற்குப் பதில், தொலைக்காட்சியை உள்வலை வழியே ஒளிபரப்பலாம் என்ற யோசனையில் 1996இல் வீடியோலேன் திட்டம் தொடங்கிற்று. அதில் அனுப்பும் பகுதி வி.எல்.எஸ்., வீடியோலேன் சர்வர். பெறும் பகுதி வி.எல்.சி., வீடியோலேன் கிளையண்ட். 2001 பிப்ரவரி 1 அன்று அது கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. சர்வர் பகுதி காலப்போக்கில் மறக்கப்பட்டது. 'கிளையண்ட்' என்ற பெயரைத் தாங்கிய பகுதி உலகெங்கும் பரவியது. தனக்குத் தேவையான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்டிருந்ததால் இயங்குதளத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்ற கவலை அதற்கு இல்லை. 2000இல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் நூலகம் இதற்கு அடித்தளம். சர்வரா மேசைக்கணினியா என்று கேளாத நிரல் வந்தபின், விலைப்பட்டியல் வகுத்த கோடு காணொளியின் பொருட்டேனும் அழிந்தது.

இக்கோட்டை நீதிமன்றங்களும் தொட்டன. 2004 மார்ச் 24 அன்று ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49 கோடியே 70 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. அத்தீர்ப்பின் இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒன்று, விண்டோஸோடு மீடியா பிளேயரைப் பிணைத்து விற்றமை. மற்றொன்று, பிற நிறுவனச் சர்வர்கள் விண்டோஸோடு உரையாடத் தேவையான விவரங்களை மறைத்தமை. ஒரே கட்டளையில் காணொளி இயக்கியும் சர்வரும் அடுத்தடுத்து நிற்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வீட்டுப் பதிப்பில் இயக்கி வேண்டாமென்றாலும் திணிக்கப்பட்டது. சர்வர் பதிப்பில் வேண்டுமென்றாலும் ஒளித்து வைக்கப்பட்டது. இரண்டிலும் முடிவெடுத்தவர் பயனர் அல்லர்.

லினக்ஸ் பக்கத்தில் கதை வேறு. அங்குத் தடை விலைப்பட்டியலிலிருந்து வரவில்லை, காப்புரிமையிலிருந்து வந்தது. 2002 செப்டம்பர் இறுதியில் வெளிவந்த ரெட் ஹேட் லினக்ஸ் 8.0, காப்புரிமை அச்சத்தால் எம்.பி.3 ஆதரவை நீக்கியது. 2004இலிருந்து வந்த சென்ட்ஓஎஸ், ரெட் ஹேட்டின் நிறுவனப் பதிப்பை மூலநிரலிலிருந்து மறுஆக்கம் செய்தது. கட்டணமின்மையால் இது கல்லூரி ஆய்வகங்களிலும் மாணவர் கணினிகளிலும் இடம்பிடித்தது. சர்வருக்கான அத்தளத்தில் படக்கோப்பு ஓட வேண்டுமானால் வெளிக் களஞ்சியங்களிலிருந்து எம்பிளேயரையோ வி.எல்.சி.யையோ கொணர வேண்டும். எம்பிளேயர் விண்டோஸின் கோடெக் கோப்புகளையே லினக்ஸில் ஏற்றி இயக்கியது. பகையின் படைக்கலத்தை இரவல் வாங்கியதற்கு ஒப்பு.

இந்தியச் சூழலில் இதற்கு ஒரு சட்ட முரண் உண்டு. 2002 திருத்தத்தின்வழி, 2003 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் தன்னளவில் காப்புரிமைக்கு உரியதன்று என்கிறது. 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம் இதைத் தளர்த்த முயன்றது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தளர்வு இடம்பெறவில்லை. ஆனால் அமெரிக்க நிறுவனம் அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி நீக்கிய வசதி, பெங்களூரில் இறங்கிய தட்டிலும் இல்லாதிருந்தது. அயல்நாட்டுச் சட்டம் எல்லை கடக்க நீதிமன்றம் தேவையில்லை. ஒரு குறுந்தட்டு போதும். 1996இலிருந்து லினக்ஸ் தட்டுகளை வாசகர்க்கு வழங்கிய பி.சி. குவெஸ்ட் இதழும், 2001இலிருந்து நடந்த லினக்ஸ் பெங்களூர் மாநாடுகளும், அவற்றின் முதன்மை அமைப்பாளராக விளங்கிய அதுல் சிட்னிஸும் இந்நகரில் உருவாக்கிய பயனர் வட்டம் இவ்வகை ஒட்டுவேலைகளில் தேர்ந்தது. தமிழகத்தில் உமாசங்கர் தலைமையில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியதும், சென்னை சி-டாக் 2007இல் டெபியனை அடியொற்றி பாஸ் லினக்ஸை வெளியிட்டதும் அரசு நிலையில் நிகழ்ந்தவை. அவை தனியே எழுதப்பட வேண்டியவை.

2008 பிப்ரவரியில் விண்டோஸ் சர்வர் 2008 வந்தது. அதே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்த டிரீம்ஸ்பார்க் திட்டம், மாணவர்க்கு உருவாக்கக் கருவிகளையும் சர்வர் இயங்குதளத்தையும் கட்டணமின்றித் தந்தது. பின்னர் இந்தியாவுக்கும் அது விரிந்தது. அன்று அதில் இல்லாதது மேசைக்கணினிக்கான விண்டோஸ். நேர்வழியில் நடக்க விரும்பிய ஒரு மாணவருக்குச் சட்டப்படி இலவசமாகக் கிடைத்தது சர்வர். வீட்டுப் பதிப்புக்குப் பணம். எஸ்.பி. ரோடு தலைகீழாக்கிய விலை வரிசையை நிறுவனமே இப்போது தலைகீழாக்கியது. சர்வர் 2008இல் மீடியா பிளேயரும் அலங்காரங்களும் 'டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற தனிக்கூறாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. வேண்டுவோர் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மேசைக்கணினி என்பது ஓர் 'அனுபவம்', கூடுதலாக நிறுவத்தக்க ஒரு பொட்டலம் என்பதை அப்பெயரே ஒப்புக்கொண்டது. அன்று பலராலும் பழிக்கப்பட்ட விஸ்டாவைவிட இதுவே சிறந்த விஸ்டா என்ற பேச்சும் எழுந்தது. அப்பேச்சில் ஓர் அடிப்படை உண்டு. 2004 ஆகஸ்டில் விஸ்டாவின் உருவாக்கம் குலைந்து மீண்டும் தொடங்கப்பட்டபோது, சர்வர் 2003இன் மூலநிரலையே அடித்தளமாகக் கொண்டனர். 2005இன் 64-பிட் எக்ஸ்.பி.யும் அதிலிருந்தே ஆக்கப்பட்டது. சர்வரை மேசைக்கணினியாக மாற்றியவர்கள் தம் அறைகளில் செய்ததை, நிறுவனம் தன் தலைமையகத்தில் செய்துகொண்டிருந்தது.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக எழுதும் கவர்ச்சி உண்டு, அதற்கு இணங்கலாகாது. வீட்டுத் திரைகளில் ஓடிய படங்களில் பெரும்பகுதி திருட்டுப் படிகள். அதனால் இழந்தவர்களில் பெருநிறுவனங்கள் மட்டுமல்ல, கடன்பட்டுப் படமெடுத்த சிறு தயாரிப்பாளர்களும் சிற்றூர்த் திரையரங்கினரும் உண்டு. 2004இல் தமிழக அரசு 'வீடியோ திருடர்'களைக் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொணர்ந்தது. கர்நாடகம் 2014இல் அவ்வழியில் சென்றது. விசாரணையின்றி ஓராண்டு சிறையில் வைக்க இடந்தரும் சட்டம் தட்டு விற்பவர்மேல் பாய்வது பொருந்துமா என்பது வேறு வினா. பொருந்தாது என்பதே நடுநிலையான விடையாக இருக்கும். டெல்லியின் திருட்டுச் சந்தைகளைப் பற்றிய ரவி சுந்தரத்தின் 'பைரேட் மாடர்னிட்டி' (2009), பெங்களூரின் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரத்தைச் சார்ந்த லாரன்ஸ் லியாங்கின் கட்டுரைகள் ஆகியவை இப்பொருளைச் சட்டத்துக்கும் நகரத்துக்கும் இடையே வைத்து ஆராய்ந்தவை. அவ்வாய்வுகளோடு மொழிச் சிறுபான்மையையும் சேர்த்துக் காண வேண்டியுள்ளது. மேட்டுக்குடியின் இணைய விருப்பமும், தன் மொழிப் படம் திரையரங்கிலிருந்து எடுக்கப்பட்ட பகுதியின் தேவையும் ஒரே 'திருட்டு' என்ற சொல்லுக்குள் அடங்குவன அல்ல. இரண்டாவதில், விலை கொடுத்துப் பார்க்க விரும்பியவருக்கும் அந்த 108 நாள்களில் சீட்டு விற்பவர் இல்லை.

2016 செப்டம்பரில் காவிரிப் பிணக்கு மீண்டும் வெடித்தது. கேபிள்களில் தமிழ் அலைவரிசைகள் மீண்டும் நிறுத்தப்பட்டன. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. ஆனால் இம்முறை படம் பார்க்கும் கருவி பலருக்கும் சட்டைப்பையில் இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இயங்குவது லினக்ஸ் கரு. உலகின் பெரும்பாலான சர்வர்களிலும் அதுவே. சர்வர், மேசைக்கணினி என்ற பாகுபாட்டை அறியாமலே ஒரு தலைமுறை அதில் படம் பார்க்கிறது.

அதே செப்டம்பர் 26 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2016ஐ அறிமுகப்படுத்தியது. 'டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்' அதில் நிறுவும்போதே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாக உயர்ந்திருந்தது. ஒலிச் சேவை மட்டும் அதிலும் தானாகத் தொடங்குவதில்லை.